பதினோராவது உறை

முட்டம்
6-7-2024

அன்புள்ள அக்காவுக்கு,

லிஜின் எழுதுகிறேன். எப்படி இருக்கிறாய்? நானும் அம்மாவும் சுகம். அப்பா கொச்சியில் போட்டில் இருக்கிறார். முட்டுவலி அப்படியே, வாயும் அப்படியே.

போன கடிதத்தை நான் பேசுகிற மாதிரியே எழுதியதால் உங்கள் மடத்து மதருக்குப் பாதி புரியவில்லை, வாசித்துவிட்டு உன்னிடம் தர நாலு நாள் ஆனது என்று எழுதியிருந்தாய். கோயம்புத்தூர்க்காரருக்கு நம்ம பேச்சு மலையாளமாகத்தான் கேட்கும். அதனால் இனி புத்தகத் தமிழ். இடையில் வழுக்கினால் பொறுத்துக்கொள்ளட்டும். மதர், வணக்கம்.

பாலிடெக்னிக்கை விட்டுவிட்டேன். அம்மா மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் "சோறு எடுத்துத் தின்னுல" என்றாள். அதோடு அந்த விஷயம் முடிந்தது. இப்போது பைக்கில் பழைய பேப்பர் கடைகளைச் சுற்றுகிறேன். வெள்ளைக்காரன் காலத்துக் கடித உறை கிடைத்தால் மார்த்தாண்டத்தில் ரேஷ்மி என்ற பெண்ணிடம் கொடுப்பேன். அவள் அதை இன்ஸ்டாகிராமில் விற்கிறாள். சின்னதில் நாம் துபாய்க் கடிதங்களைத் தண்ணீரில் போட்டு ஸ்டாம்ப் உரிப்போமே, அதைச் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டாள். ஸ்டாம்பை விட முத்திரைதான் பெரிசாம். எந்த ஊர் வழியாக, எந்தத் தேதியில் வந்தது என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. உறையைக் கிழித்தால் கதை போச்சு.

போன வாரம் குளச்சலில் ஒரு கட்டு கிடைத்தது. பதினொரு உறை, ஒரே கையெழுத்து. 1908 முதல் 1911 வரை. பின்பக்கம் கொழும்பு முத்திரை, தூத்துக்குடி முத்திரை, நாகர்கோவில் முத்திரை. பிறகு வந்த வழியே திரும்பிப் போன முத்திரைகள். ஒன்றிலும் ஸ்டாம்ப் இல்லை. எல்லாவற்றிலும் 'வாங்க மறுத்தார்' என்று இங்கிலீஷில் சிவப்பு மை. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. அனுப்பியவள் ரோசம்மா, கொழும்பில் ஒரு துரை வீட்டு ஆயா. அனுப்பியது அவள் அம்மாவுக்கு, நம்ம முட்டத்துக்கு. மகள் அனுப்பியதைப் பதினொரு தடவை வாசலோடு திருப்பியிருக்கிறாள் ஒரு அம்மா. நெஞ்சா கல்லா?

பிப்ரவரி இரண்டில் உன் வார்த்தைப்பாடு. அன்றைக்கு நீ வாக்குக் கொடுத்துவிட்டால் பிறகு கம்பிக்கு அந்தப் பக்கம்தான் உன்னைப் பார்க்க முடியும் என்று பங்குச் சாமியார் சொன்னார். அம்மா இப்போதே ஊரெல்லாம் சொல்லியாயிற்று.

பதில் போடு.

உன் தம்பி,
லிஜின்


மடம்
28-7-2024

இயேசுவில் அன்பான தம்பிக்கு,

அபினா எழுதுவது. நான் சுகம். அம்மாவின் ரத்த அழுத்த மாத்திரை தீராமல் பார்த்துக்கொள். அப்பா வந்தால் முட்டுக்குத் தைலம் தேய்த்துவிடு.

படிப்பை விட்டது பற்றி நான் திட்டவில்லை. நீ எதிலும் அதிக நாள் இருக்கமாட்டாய். இதிலாவது இரு.

மாதம் ஒரு கடிதம்தான் எங்களுக்கு, தெரியும்தானே. இங்கே எனக்குத் தபால் வேலை கொடுத்திருக்கிறார்கள். எல்லாச் சகோதரிகளின் கடிதத்தையும் மதர் வாசித்துத் தருவார். நான் ஒட்டி, ஸ்டாம்ப் வைத்து, பையில் போடுவேன். வருகிறவற்றின் முத்திரையைப் பார்ப்பதில் ஒரு சந்தோஷம். இரண்டு வாரம் முன்பு ஒன்றில் முட்டம் என்று தெளிவாக விழுந்திருந்தது. உன்னுடையதுதான். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தேன்.

அந்த உறைகளுக்குள் என்ன இருக்கிறது, மக்கா?

ஆண்டவர் உன்னைக் காப்பாராக.

அபினா


முட்டம்
11-8-2024

அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். மாத்திரை வாங்கிவிட்டேன். உனக்குத் தலைவலி இருந்ததே, அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே?

நீ கேட்டதும் பொறுக்கவில்லை. மூன்று உறையைக் கெட்டில் ஆவியில் காட்டித் திறந்தேன். மூன்றிலும் வெற்றுத்தாள். ஒரு புள்ளிகூட இல்லை. ரேஷ்மியிடம் கொண்டுபோனேன்.

"லேய் லூசு, திறந்தியா? உனக்கு ஆர் சொன்னது திறக்க?"

"உள்ள ஒண்ணும் இல்ல."

"இருக்காது. உறைதான் கடிதம். மேல பாத்தியா?"

பார்த்தேன். முகவரியின் இடது மூலையில் சின்னதாக ஒரு சிலுவை. பதினொன்றிலும். அப்போது இது பெரிய வழக்கமாம் அக்கா. ஸ்டாம்ப் ஒட்டாமல் அனுப்பினால் வாங்குகிறவர் இரட்டிப்புக் காசு கொடுக்கவேண்டும். இல்லாதவர்கள் வீட்டை விட்டுப் போகும்போதே பேசி வைத்துக்கொள்வார்கள். நான் சுகமாக இருந்தால் உறைமேல் இந்த அடையாளம் போடுவேன், பார்த்துவிட்டு வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிடு என்று. தபால்காரன் கையில் இருக்கும்போதே சேதி கிடைத்துவிடும். காசும் மிச்சம். வெள்ளைக்காரன் கப்பலிலேயே ஓசியில் சேதி.

அந்த அம்மாவைக் கல் என்று எழுதினேனே, அடித்துவிடு. கடலுக்கு அந்தப் பக்கம் மகள் உயிரோடு இருக்கிறாள் என்று வருஷத்துக்கு மூன்று தடவை வாசலில் நின்று பார்த்திருக்கிறாள். அவ்வளவுதான் அவளால் முடிந்தது.

இதை அம்மாவிடம் சொன்னேன். வாளை மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். "நல்ல புத்தி. நம்ம வீட்டுக்கு எவனாவது பைசா கேட்டு ஒண்ணு கொண்டு வந்தா நானும் திருப்பித்தான் விடுவேன்" என்றாள். கூரியர்காரனையே வாசலோடு விரட்டுகிறவள்.

லிஜின்


மடம்
31-8-2024

அன்புத் தம்பிக்கு,

நான் சுகம். தலைவலி இல்லை. இங்கே மழை. கிணற்றில் தண்ணீர் ஏறியிருக்கிறது.

உன் கடிதத்தை நாலு தடவை வாசித்தேன். ஒரு சந்தேகம். சுகம் என்பதற்குச் சிலுவை. சரி. சுகமில்லை என்பதற்கு என்ன அடையாளம் வைத்திருந்தார்கள்? ரேஷ்மியிடம் கேட்டுச் சொல்.

அம்மாவிடம் என் அன்பைச் சொல்.

அபினா


முட்டம்
19-9-2024

அக்காவுக்கு,

அப்பா வந்து போனார். தைலம் தேய்த்தேன், "ஒனக்கு இதாவது தெரியுதே" என்றார். எல்லாரும் சுகம்.

ரேஷ்மியிடம் கேட்டேன். "அப்படி ஒண்ணு வச்சிருக்க மாட்டாங்க லிஜின். அத ஆரு முன்கூட்டிப் பேசுவா?" என்றாள். நானும் எல்லா உறையையும் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். சிலுவை, சிலுவை, சிலுவை. வேறே ஒன்றும் இல்லை.

ஒரு விஷயம். கடைசி உறை, 1911 டிசம்பர், மற்றதைவிடக் கனமாக இருக்கிறது. பிரிக்காமலே அதை வாங்க சென்னையில் ஒருவர் இருக்கிறாராம். கொடுத்துவிடலாம் என்று ரேஷ்மியிடம் சொல்லிவிட்டேன்.

இனி நேராகவே கேட்கிறேன். மதரும் வாசிக்கட்டும். உனக்கு இதில் சம்மதம்தானா?

எனக்கு நாலு வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் கைவிட்டுவிட்டார்கள். அம்மா மாதா கோயிலில் போய், பையன் பிழைத்தால் பெண்ணை மடத்துக்குத் தருகிறேன் என்று நேர்ந்தாள். நான் பிழைத்தேன். அப்போது உனக்கு ஆறு வயது. உன்னை யார் கேட்டார்கள்? பன்னிரண்டாம் வகுப்பு முடித்து நீ பெட்டியோடு போனபோது நான் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தேன். நீ திரும்பிப் பார்த்தாய். நான் பந்தைப் பொறுக்கப் போனேன். இப்போது பாலிடெக்னிக்கையும் விட்டுவிட்டுச் சுற்றுகிறேன். இந்த உருப்படிக்காக ஒரு ஆளைக் கொடுத்திருக்கிறார்கள்.

அம்மாவிடம் இதைப் பேசினால் நடுங்குகிறாள். "நேந்தத முறிச்சா மாதா குடுத்தத திருப்பி எடுத்துக்கிடும்" என்கிறாள். திருப்பி எடுப்பது என்னைத்தான். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவிடுவதில்லை.

நீ சொல். ஆமா, இல்லை, இரண்டில் ஒன்று.

லிஜின்


மடம்
29-9-2024

அன்புத் தம்பிக்கு,

நான் சுகம். நீ கேட்டதற்கு: இங்கே எல்லாரும் நல்லவர்கள். மதர் என்னிடம் அன்பாக இருக்கிறார். தோட்டத்தில் பாகல் காய்த்திருக்கிறது. அம்மா செய்கிற மாதிரி தேங்காய் வறுத்து அரைத்துச் செய்தேன். எல்லாருக்கும் பிடித்தது.

உன்னை உருப்படி என்று நீயே எழுதாதே. எனக்குப் பிடிக்கவில்லை.

அந்தக் கடைசி உறையை விற்காதே. திறந்து பார்.

அபினா


மடம்
27-10-2024

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் இந்த மாதம் வரவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? அம்மாவுக்கு? அப்பாவின் போட் கரைக்கு வந்ததா? இங்கே நான் சுகம்.

திறந்தாயா?

அபினா


முட்டம்
24-11-2024

அக்காவுக்கு,

எங்களுக்கு ஒன்றும் இல்லை. பயந்திருப்பாய். தப்பு என்னுடையது.

உன் செப்டம்பர் கடிதம் வந்தபோது உறையை நான் ரேஷ்மியிடம் கொடுத்தாயிற்று. அதை உனக்கு எழுத வெட்கமாக இருந்தது. அதனால் எழுதவே இல்லை. அக்டோபரில் நீ திரும்பவும் கேட்டதும் மார்த்தாண்டத்துக்குப் போனேன். சென்னைக்காரர் தீபாவளி கழிந்து வாங்குகிறேன் என்றதால் உறை அவளிடமே இருந்தது.

"வாக்கு குடுத்தாச்சு. திறந்தா அது வெறும் பேப்பரு, கேட்டியா?"

"எனக்க அக்கா கேட்டிருக்கா."

"உனக்க அக்காவுக்கு என்னத்துக்கு இது?"

மற்ற ஏழு பிரிக்காத உறையையும் அவளுக்கே கொடுத்துவிட்டு அந்த ஒன்றை வாங்கிவந்தேன். இந்தச் சவத்தைக் கொண்டுபோ என்று எரிந்து விழுந்தாள். இன்னும் பேசவில்லை.

ஆவியில் காட்டித் திறந்தேன். உள்ளே இரண்டு தாள். ஒன்று வெற்றுத்தாள். மற்றதில் பென்சிலில், எழுதத் தெரியாத ஒருத்தி எழுத்தெழுத்தாக எழுதியது. அப்படியே தருகிறேன்.

'அம்மாவுக்கு ரோசம்மா எளுதுரது. இந்த ஒண்ணை மாத்திரம் திருப்பி விடாமே காசு குடுத்து வாங்கவும். எனக்கு இங்கே சரிப்படவில்லை. என்ன என்று எளுத முடியாது. அண்ணனைத் தோணியிலே அனுப்பவும். ஸ்டாம்புக்குத் தலையில் அடிச்சுக் கேட்டும் துரைசானி தரவில்லை. மேலே சிலுவை போடாமே விட்டால் அம்மா பயந்து போவாய் என்று போட்டிருக்கிறேன்.'

அவ்வளவுதான்.

வாங்கு என்று உள்ளே எழுதியிருக்கிறாள் அக்கா. அம்மா பயப்படக்கூடாது என்று வெளியே சிலுவையும் போட்டிருக்கிறாள். அந்த அம்மா வழக்கம்போல் சிலுவையைப் பார்த்தாள், பிள்ளை சுகம் என்று சந்தோஷப்பட்டாள், திருப்பிவிட்டாள். பின்பக்கம் எல்லா முத்திரையும் சரியாக இருக்கிறது. போகப் பதினாலு நாள், வரப் பதினாலு நாள். அதற்குப் பிறகு உறை இல்லை. கட்டு குளச்சலில் கிடைத்ததால் ரோசம்மாவின் பெட்டி ஊருக்கு வந்திருக்கிறது. பெட்டியோடு அவளும் வந்தாளா என்று எனக்குத் தெரியவில்லை.

அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மீன் வெட்டிக்கொண்டிருந்த கத்தி அப்படியே நின்றது. ஒன்றே ஒன்று கேட்டாள். "அந்த அம்மை பிறகாவது அறிஞ்சாளா?" தெரியாது என்றேன். எழுந்து போய்க் கை கழுவினாள். மீன் பாதியில் கிடந்தது.

லிஜின்


மடம்
8-12-2024

அன்புத் தம்பிக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். உன் கடிதத்தை மதர் இரண்டு நாள் வைத்திருந்து தந்தார்.

வாசித்தேன்.

நான் சுகம்.

அபினா


முட்டம்
29-12-2024

அக்காவுக்கு,

நாலு வரிக் கடிதம் வந்தது. தபால்காரர் ஆன்ட்ரூஸ் அண்ணன்கூட உறையின் கனத்தைக் கையில் தூக்கிப் பார்த்து, "என்னடே, உனக்க அக்காவுக்கு மடத்துல பேப்பருக்குப் பஞ்சமா?" என்றார். உன் கையெழுத்தும் வரவர எறும்பாகிறது.

அம்மாவுக்கு வேலை தலைக்கு மேல். அழைப்பிதழ் அடித்தாயிற்று. வேன் சொல்லியாயிற்று. விருந்துக்கென்று ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்க்கிறாள். கிறிஸ்துமஸ் பூசைக்குப் போய் மாதா முன்னால் ஒரு மணி நேரம் முட்டில் நின்றாள். வெளியே வந்ததும் கேட்டேன்.

"அக்காவுக்கு மனசில்லன்னா என்ன செய்வ?"

"மனசில்லன்னு அவா எழுதினாளா?"

"இல்ல."

"பிறகு நீ எதுக்குல வாய வைக்க? எல்லா கடிதத்துலயும் சுகம்னுதான எழுதுகா?"

அம்மா சொல்வது சரிதான். நீ அதைத்தான் எழுதுகிறாய்.

நான் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். ஐஸ் பிளாண்டில். எத்தனை நாள் என்று கேட்காதே.

இன்னும் ஒரு கடிதம் உனக்கு மிச்சம் இருக்கிறது, வார்த்தைப்பாட்டுக்கு முன்னால். யோசித்து எழுது.

லிஜின்


மடம்
12-1-2025

அன்புத் தம்பிக்கு,

நான் சுகம். புது வருட வாழ்த்துகள். உனக்கு வேலை கிடைத்தது பற்றி மகிழ்ச்சி. ஐஸ் பிளாண்டில் காலில் ரப்பர் செருப்பு போட்டுக்கொள்.

இங்கே பனி அதிகம். ஆனாலும் உடம்பும் சுகம், மனமும் சுகம். மதர், மற்ற சகோதரிகள் எல்லாரும் சுகம். வார்த்தைப்பாட்டுக்கு வெள்ளை உடை தைத்தாயிற்று. அளவு சரியாக இருக்கிறது.

அம்மா அதிகம் அலைய வேண்டாம். நான் சுகமாக இருக்கிறேன் என்று சொல்.

ஆண்டவர் உங்களைக் காப்பாராக.

அபினா


முட்டம்
20-1-2025

மரியாதைக்குரிய மதருக்கும் அன்புள்ள அக்காவுக்கும்,

இதை முதலில் வாசிக்கப்போவது மதர்தான். அதனால் இரண்டு பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். விரைவுத் தபாலில் போடுகிறேன்.

சனிக்கிழமை நான் பிளாண்டில் இருந்தேன். மத்தியானம் ஆன்ட்ரூஸ் அண்ணன் வீட்டுக்கு வந்திருக்கிறார். அம்மா மட்டும் இருந்தாள். பிறகு இரண்டு பேரும் தனித்தனியாகச் சொன்னதை வைத்து எழுதுகிறேன்.

"வேளாங்கண்ணியக்கா, மடத்துக் கடிதம். ஸ்டாம்ப் இல்ல. பத்து ரூவா தரணும்."

"ஸ்டாம்ப் இல்லியா? வழியில உதிர்ந்திருக்கும். நல்லா பாரு."

"பாத்தாச்சு. ஒட்டின தடமே இல்ல. வேண்டாம்னா சொல்லுங்க, திருப்பி விடுதேன்."

அவர் உறையை நீட்டிக்கொண்டே நின்றாராம். அம்மா அதைத் தொடவில்லையாம். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு உறையையே பார்த்தாளாம். கூரியர்காரனுக்குக் கிடைக்கிற வசவு தனக்கும் வரும் என்று அவர் சைக்கிளைத் திருப்பியிருக்கிறார்.

"நில்லு. திருப்பாத."

உள்ளே போய், விருந்துக்குச் சேர்க்கிற அந்த டப்பாவைத் திறந்து பத்து ரூபாய் எடுத்துவந்து கொடுத்திருக்கிறாள்.

நான் வரும்போது உறை மாதா படத்தின் கீழே இருந்தது. பிரிக்கவில்லை. அடுப்பும் பற்றவைக்கவில்லை.

"வாசி."

வாசித்தேன்.

"எத்தன தடவ சுகம்னு எழுதியிருக்கா?"

எண்ணினேன். "அஞ்சு."

"அங்க ஸ்டாம்ப் ஒட்டுகது ஆரு?"

"அக்காதான்."

"அவா மறப்பாளா?"

ஆறு வயதிலிருந்தே ஸ்டாம்பைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திரிந்தவள் மறப்பாளா, மதர்? உள்ளே என்ன எழுதினாலும் வாசிப்பீர்கள், அம்மாவும் பயப்படுவாள். அதனால் உள்ளே எல்லாம் சுகம். காசு கொடுத்து வாங்குகிறார்களா, திருப்புகிறார்களா என்று மட்டும் பார்த்திருக்கிறாள். ஒருவேளை அவள் கடிதத்தைப் பையில் போடும்போது நீங்களும் பார்த்திருக்கலாம். பார்த்தும் விட்டிருந்தால் உங்களுக்கு நன்றி.

அம்மா உறையை என் கையிலிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்.

"அந்தக் கொழும்புக்காரிக்க அம்மை வாங்கல்ல. நான் வாங்கிட்டேன்னு எழுது."

"அப்போ நேர்ச்ச?"

"நேந்தது நான். அவளா நேந்தா? மாதாட்ட நான் பேசிக்கிடுதேன். பொம்பளதான, கேக்கும்."

புதன்கிழமை காலை ரயிலில் நானும் அம்மாவும் கிளம்புகிறோம். வியாழக்கிழமை உங்கள் வாசலில் இருப்போம். அக்கா அங்கேயே இருக்க விரும்பினால் அதை அவள் வாயால் கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவோம். சத்தியம். ஆனால் வாயால் மட்டும். எழுத்தில் சுகம் என்று வந்தால் இனி இந்த வீட்டில் யாரும் நம்பமாட்டார்கள்.

அக்கா, உனக்க நீலச் சுடிதார அம்மா பெட்டியிலேருந்து எடுத்து வெயில்ல போட்டிருக்கா. அளவு சரியா இருக்குமான்னு கேக்கா. மெலிஞ்சிருப்பான்னு சொன்னேன். உடனே ஊசியும் நூலும் எடுத்து இருந்துட்டா.

சாப்பிட்டுப் படுக்கும்போது அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். சூடு இல்லை. கையைத் திருப்பிப் புறங்கையாலும் ஒரு தடவை பார்த்தாள். பிறகும் எடுக்கவில்லை. நானும் தூங்குகிற மாதிரி கிடந்தேன்.

லிஜின்